கையேடு ஒன்றுதான், நடத்துகிற ஆள் யார்?

எனக்குத் தெரிந்த ஒருவர் மதுரைப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார். பள்ளி வாசலிலேயே பொட்டலப் புகையிலை கிடைக்கிறது, ஒன்பதாம் வகுப்புப் பையன் டாஸ்மாக் சந்தில் நிற்கிறான், பெண் பத்தாவது முடித்ததும் வீட்டில் மாப்பிள்ளை பேச்சை எடுக்கிறார்கள் என்று வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவர். இந்த வருடம் ஒரு நன்கொடை வந்திருக்கிறது. பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்து வாராவாரம் நடத்தும் குடும்பத் திட்டம் ஒன்றைத் தொடங்க முடிவு செய்தார். எந்த நாட்டுக் கையேட்டை எடுத்து நம் ஊருக்கு ஏற்ப மாற்றுவது என்று மூன்று மாதம் அலசினார். முடிவானதும் போன் செய்தார்: "கையேடு ஆயிடுச்சு. நடத்துறதுக்கு யாராவது ரெண்டு மூணு பேரப் பிடிச்சிரலாம்."

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. மூன்று மாதம் அந்த "யாராவது ரெண்டு மூணு பேர்" யார் என்று யோசித்துவிட்டு, கையேட்டை ஒரு மத்தியானத்தில் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பள்ளி நிர்வாகமோ, பெற்றோர் ஆசிரியர் கழகமோ, தொண்டு நிறுவனமோ இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால் இதே கேள்வி வரும்.

முதலில், இந்தத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று தெரியாதவர்களுக்காக. அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஸ்ட்ரெந்தனிங் ஃபேமிலீஸ் 10–14'. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர். ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில். அடுத்த மணி நேரம் எல்லாரும் ஒரே இடத்தில், குடும்பம் குடும்பமாக. பெற்றோர் அறைக்கு ஒருவர், பிள்ளைகள் அறைக்கு இருவர் என மூன்று பேர் நடத்துகிறார்கள். புகையிலை, மது என்ற பேச்சு இடையில் கொஞ்சம்தான் வரும். பெரும்பகுதி வேறு விஷயம்: கோபம் வரும்போது என்ன செய்வது, வீட்டு விதியை எப்படிப் போடுவது, அதை மீறினால் அடிக்காமல் எப்படிக் கையாள்வது, ஒருவர் சொல்வதை மற்றவர் எப்படிக் கேட்பது. படிக்க எளிதுதான். நடத்திப் பார்த்தால் தெரியும், ஒரு அப்பாவையும் பதினான்கு வயது மகளையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைப்பது என்ன பாடு என்று.

ஆள் முக்கியம் என்பது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் போட்டு, சிறார் நீதிமன்றங்கள் ஆய்வில் தேறிய திட்டங்களை நடத்தப் பணம் ஒதுக்கியது. அதில் ஒன்று 'ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி'. குற்றத்தில் சிக்கிய பிள்ளையையும் அவன் குடும்பத்தையும் ஓர் ஆலோசகர் சுமார் மூன்று மாதம் தொடர்ந்து சந்திப்பார். பிள்ளை மறுபடி குற்றத்துக்குப் போகாமல் தடுப்பதுதான் நோக்கம். 2004இல் அந்த மாநிலத்தின் பொதுக் கொள்கை நிறுவனம் கணக்குப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தபோது பலன் மங்கலாகத்தான் தெரிந்தது. பிறகு ஆலோசகர்களை, முறையைத் திறமையாகக் கையாண்டவர், கையாளாதவர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். திறமையானவர்களிடம் போன பிள்ளைகளிடையே பெரிய குற்றங்களில் மறுபடி சிக்குவது 38 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றவர்களிடம் போன பிள்ளைகள், திட்டமே கிடைக்காத பிள்ளைகளைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. சொல்லப்போனால் சற்று மோசம்.

எந்தப் பிள்ளை எந்த ஆலோசகரிடம் போக வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, அதனால் இதை இரும்புச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அங்கே எல்லாருக்கும் ஒரே முறை, ஒரே பயிற்சி. அவர்கள் எல்லாரும் தொழில்முறை ஆலோசகர்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, திறமை என்றால் என்ன? நம் ஊரில் ஒருவர் நன்றாக நடத்துகிறார் என்றால், நன்றாகப் பேசுகிறார் என்றுதான் அர்த்தம். ஆசிரியர் பயிற்சிகளில் நடத்துபவரைக் 'கருத்தாளர்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லிலேயே கோளாறு இருப்பதாகப் படும். கருத்துச் சொல்ல வந்தவர் கருத்துச் சொல்லிக்கொண்டேதானே இருப்பார்? ஆங்கிலத்தில் ஃபெசிலிடேட்டர் என்பதற்குச் சரியான தமிழ் கிடைக்காமல் நானும் 'நடத்துநர்' என்று எழுதிப் பார்த்தேன், பஸ் ஞாபகம் வந்துவிட்டது. 'வழிநடத்துநர்' என்றே வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன், மாரியன் ஃபோர்காட்ச் என்ற இருவர் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் முரட்டுத்தனத்தைச் சமாளிக்கப் பெற்றோருக்குப் பயிற்சி தரும் அமர்வுகளைப் படம் பிடித்து, ஒவ்வொரு பேச்சாக எடுத்துப் பார்த்தார்கள். ஆலோசகர் பாடம் சொல்லத் தொடங்கியதும், அல்லது நேருக்கு நேர் குறை சுட்டியதும், அடுத்த நொடியே அம்மாவின் எதிர்ப்பு கூடுகிறது. "அதெல்லாம் செஞ்சு பாத்துட்டோம்", "எங்க வீட்டுக்கு அது ஒத்து வராது" வகைப் பதில்கள். ஆதரவாகப் பேசி, அவரே பேச வழிவிட்டால் எதிர்ப்பு குறைகிறது. இது தற்செயலா என்று பார்க்க, ஆலோசகர்களை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பாடம் சொல்ல வைத்து, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி, மாற்றி மாற்றிச் செய்தார்கள். எதிர்ப்பும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது.

இதில்தான் சிக்கலே. திட்டத்தின் வேலை சொல்லிக்கொடுப்பது. சொல்லிக்கொடுத்தால் எதிர்ப்பு வருகிறது. சொல்லிக்கொடுக்காமல் கற்க வைப்பவர்தான் திறமைசாலி.

நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு திட்டத்தில் குறிப்பெடுக்கிற வேலைக்குப் போயிருந்தேன். நடத்திய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு ஊரில் நகரத்திலிருந்து வந்த உளவியல் நிபுணர். பயிற்சி என்னவென்றால், ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளையிடம் இந்த வாரம் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு அப்பா எழுந்து, "இவங்கிட்ட என்னத்த சார் சொல்றது, மார்க் எடுத்தா சொல்லலாம்" என்றார். நிபுணர் சிரித்த முகத்தோடு, பாராட்டு குழந்தையின் தன்னம்பிக்கையை எப்படி வளர்க்கிறது என்று விளக்கத் தொடங்கினார். நல்ல விளக்கம். திரையில் மூளைப் படம்கூட வந்தது. பன்னிரண்டு நிமிடம். அந்த அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசிவரை பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடைவேளையில் டீ குடிக்கப் போன ஆண்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

இன்னோர் ஊர், அதே கையேடு, அதே பக்கம். நடத்தியவர் உள்ளூரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. வேறொரு அப்பா, கிட்டத்தட்ட அதே பதில்: "மார்க் வரட்டும், பாப்போம்."

"மார்க்க விடுங்கண்ணே. நேத்து வீட்ல பாப்பா என்ன பண்ணுச்சு?"

அவர் மோட்டைப் பார்த்தார். "என்ன பண்ணா… எங்கம்மாவுக்கு மாத்திர எடுத்துக் குடுத்தா."

"அத எங்கிட்ட சொன்னா எனக்கென்ன? அவகிட்ட சொல்லுங்க." சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை லேசாக மகள் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்த மனிதர் தரையைப் பார்த்தபடி, "அப்பத்தாவுக்கு மாத்திர குடுத்தேல்ல… நல்லாருந்துச்சு" என்றார். அக்கா வாயைத் திறக்கவில்லை. அரை நிமிடம் இருக்கும், அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் அந்தப் பெண், "தெனமும்தான் குடுக்குறேன், நீங்க பாத்ததே இல்ல" என்றாள். பேச்சு அங்கிருந்து ஓடத் தொடங்கியது.

என் குறிப்பேட்டில் முதல் அமர்வுக்கு நான்கு பக்கம் இருக்கிறது, இரண்டாவதுக்கு அரைப் பக்கம். வழிநடத்துநர் பேசியதைத்தானே நான் எழுதிக்கொண்டிருந்தேன்!

பிள்ளைகள் அறைக்கு இன்னொரு வகைத் திறமை வேண்டும், அது தவறினால் ஆபத்தும் கூடுதல். தாமஸ் டிஷியன் என்பவரும் அவர் குழுவினரும், அதே ஓரிகனில், தடம் மாறத் தொடங்கிய பிள்ளைகளை மட்டும் குழுவாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோர் குழுக்களில் பலன் தெரிந்தது. பிள்ளைகளைக் குழுவாகக் கூட்டியதில் புகைபிடிப்பது கூடிவிட்டது. 1999இல் இதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஏன் என்று பார்த்தால், ஒருவன் தப்புக் காரியத்தைச் சொல்கிறான், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசு. நம் ஊரில் 'கெத்து' என்போமே, அதைக் கொடுக்கிற மேடையாகிவிடுகிறது குழு. இந்த இடத்தில் வழிநடத்துநரும் சேர்ந்து சிரித்தால் போச்சு. "இங்க அதெல்லாம் பேசக் கூடாது" என்று அதட்டினாலும் போச்சு. சிரிக்காமல், அதட்டாமல், பேச்சை ஓரத்தில் சும்மா இருக்கிற பையனிடம் கொண்டுபோகிற ஆள் வேண்டும்.

இனி, யார் யாரை உட்கார வைக்கலாம் என்று பார்ப்போம்.

வெளியூர் நிபுணர்

உளவியல் அல்லது சமூகப் பணி படித்த, அனுபவமுள்ள ஒருவர் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நடத்துவது. நன்கொடையாளருக்குக் காட்ட நன்றாக இருக்கும். உண்மையான பலமும் உண்டு: அமர்வின் நடுவே ஒரு பிள்ளை தற்கொலை எண்ணத்தைச் சொன்னாலோ, ஒரு அம்மா வீட்டு வன்முறையைக் கொட்டினாலோ, பதறாமல் கையாளத் தெரியும். ஒரு குழந்தை பாலியல் தொல்லையைச் சொல்லிவிட்டால் 2012இன் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், "நமக்குள்ள இருக்கட்டும்" என்று மூட முடியாது. இது தெரிந்த ஒரு ஆளாவது திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் பட்டத்தையே திறமை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு அதிகம். வாஷிங்டன் கதையை ஞாபகப்படுத்துகிறேன்: அங்கே வித்தியாசம் வந்ததே தொழில்முறை ஆட்களுக்குள்தான். படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை வேறு இருக்கிறது, அவர்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வது கஷ்டம். அப்புறம் நடைமுறை: ஏழு வாரத்தில் இரண்டு வாரம் வர முடியாமல் போகும், பதிலுக்கு வேறு ஒருவர் வருவார், குடும்பங்கள் மறுபடி முதலிலிருந்து முகம் பழக வேண்டும். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவரால் அமர்வு முடிந்தபின் வாசலில் நின்று பேச முடியாது. வீட்டில் ஏதாவது மாறுகிறது என்றால் அதன் முதல் சேதி பெரும்பாலும் வாசலில்தான் வருகிறது.

பள்ளி ஆசிரியர்

செலவு குறைவு, இடம் அங்கேயே, பிள்ளைகளைத் தெரியும். எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 75 பள்ளிகளை எடுத்து, சீட்டுக் குலுக்கி மூன்றாகப் பிரித்தார்கள். 'செஹர்' என்ற ஒரே திட்டம்: சில பள்ளிகளில் அதற்கென்றே நியமித்த, சிறப்புப் பட்டம் ஏதும் இல்லாத ஆலோசகர் நடத்தினார், சில பள்ளிகளில் அங்கிருந்த ஆசிரியரே நடத்தினார், மீதியில் அது இல்லை. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு, அடிதடி, கேலிக் கொடுமை குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளுக்கும் திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் வித்தியாசம் இல்லை.

அது பள்ளித் திட்டம், பெற்றோரைச் சேர்த்து நடத்தும் குடும்பத் திட்டம் அல்ல. அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆசிரியர்கள் லாயக்கில்லை என்றும் அதற்கு அர்த்தமில்லை. பாடம், தேர்வு, பதிவேடு, தேர்தல் வேலை எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் இன்னொரு பொறுப்பு என்றால் யாராக இருந்தாலும் ஒப்புக்குத்தான் நடக்கும். ஆனால் குடும்பத் திட்டத்தில் இதைவிடப் பெரிய தடை ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். நம் பெற்றோருக்குப் பள்ளிக்கு வருவது என்றால் புகார் கேட்க வருவது. வாத்தியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர், அதே வாத்தியாரிடம் "நான் குடிச்சிட்டு வந்தா இவன் பேச மாட்டேங்குறான்" என்று சொல்வாரா? பையன்தான் வாய் திறப்பானா, திங்கட்கிழமை அதே முகத்தில் விழிக்க வேண்டுமே? ஆசிரியர்களை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். குடும்பங்களை அழைத்து வருவதற்கு அவர்களைவிட ஆள் கிடையாது.

உள்ளூர்க்காரர்

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர், அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவர், தையல் கடைக்காரர், ஊரில் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் அண்ணன். பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், "இவங்களா கவுன்சலிங் பண்ணப் போறாங்க?" என்று.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் வறுமையான ஊர்கள் 40இல், 552 குடும்பங்களுடன் 'சினோவுயோ டீன்' என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். கோசா மொழியில் சினோவுயோ என்றால் எங்களிடம் மகிழ்ச்சி இருக்கிறது என்று பொருள். பதினான்கு வாரம். நடத்தியவர்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் முக்கியம். வர முடியாத குடும்பத்துக்கு வீட்டுக்கே போய் அந்த வார விஷயத்தைச் சுருக்கமாக நடத்தினார்கள். கூடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் மீதான அடியும் வசவும் குறைந்தன, பெற்றோர் பிள்ளைகளோடு ஈடுபடுவதும் கவனிப்பதும் கூடின, போதைப் பழக்கமும் குறைந்தது என்று 2018இல் வெளியான முடிவு சொல்கிறது. வீட்டுக்குப் போவதை வெளியூர் நிபுணரால் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பக்கத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை மறைத்தால் நான் வியாபாரி ஆகிவிடுவேன். முதலாவது, ஊர் வாய். அமர்வில் சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேசப்பட்டால் திட்டம் அன்றோடு முடிந்தது. இரண்டாவது, எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுக்கிறீர்கள் என்பது. சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தத் தேர்வை முடிக்க முடியும் என்று நினைப்பவர்கள் கிராமத்தில் வேலை செய்ததில்லை. ஒரே தெருவிலிருந்து இருவரை எடுத்தால் மற்றத் தெருக் குடும்பங்கள் முதல் வாரம் மரியாதைக்கு வரும், அப்புறம் வராது. மூன்றாவது, அப்பாக்கள். பெண்கள் மட்டும் நடத்தினால் அது அம்மாக்கள் கூட்டமாகிவிடும். ஒரு ஆண் கட்டாயம் வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். ஐந்து நாள் பயிற்சி கொடுத்து, கையேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், உள்ளூர்க்காரரும் மூன்றாவது வாரத்தில் கருத்தாளராகிவிடுவார். கையில் மைக் வந்தால் யாருக்கும் அது தொற்றும்.

காணொளி, செயலி

ஆளே வேண்டாம், போனில் அனுப்பிவிடலாம் என்பவர்கள் உண்டு. மலிவு, எல்லா ஊருக்கும் ஒரே தரம், கருத்தாளர் தொல்லை இல்லை. ஆனால் காணொளியால் நாற்காலியைத் திருப்பிவிட முடியாது. நான் மேலே சொன்ன அயோவாத் திட்டத்திலும் பெற்றோர் அமர்வில் காணொளிக் காட்சிகள் உண்டு, பக்கத்தில் ஆளும் உண்டு. வாராவாரம் ஞாபகப்படுத்தக் குரல் செய்தி அனுப்ப போனை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

என் தேர்வு உள்ளூர்க்காரர்தான். ஆனால் ஒரு நிபந்தனையோடு: வாராவாரம் ஒருவர் அவர்களுடைய அமர்வைக் கேட்டு, கூட உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த ஒருவராகத்தான் நிபுணரை வைக்க வேண்டும். மேடையில் ஏற்ற வேண்டாம், மேடைக்குப் பின்னால். பதினைந்து பேர் முன்னால் மூளைப் படம் காட்டிய அதே மனிதர், இரண்டு வழிநடத்துநர்களோடு உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டால் அவருடைய படிப்புக்கு உண்மையான உபயோகம் கிடைக்கும். போக்சோ மாதிரி விஷயம் வந்தால் உடனே கூப்பிடவும் அவர் இருப்பார்.

இந்த நிபந்தனைக்குப் பணமோ ஆளோ இல்லையென்றால் என் தேர்வு மாறிவிடும். திருத்த ஆளில்லாத நான்கு குழுக்களைவிட நல்ல நிபுணர் ஒருவர் நடத்தும் ஒரே குழு மேல். நன்கொடையாளர் 'எத்தனை குடும்பம்' என்றுதான் கேட்பார், எண்ணிக்கை குறைந்தால் முகம் வாடும். வாடட்டும். அதேபோல, வீட்டில் ஏற்கெனவே போதை முற்றியிருந்தாலோ, பிள்ளை வழக்கில் சிக்கியிருந்தாலோ, அந்தக் குடும்பத்துக்குத் தடுப்புத் திட்டம் போதாது. சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

எதைக் கேட்டுத் திருத்துவது? நார்வே நாட்டில் 1999 முதல், மேலே சொன்ன பாட்டர்சன், ஃபோர்காட்ச் குழுவின் ஓரிகன் பெற்றோர் பயிற்சி முறையை நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். அங்கே அமர்வுகளைப் படம் பிடித்து, ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போடுகிறார்கள். விஷய ஞானம், அமர்வைக் கட்டி நடத்துவது, கற்பிக்கும் விதம், மனிதர்களைக் கையாளும் நயம், மொத்தத்தில் எப்படி என்று ஐந்து பார்வைகள். இந்த மதிப்பெண் கூடியவர்களிடம் பயின்ற பெற்றோரின் நடைமுறை அதிகம் மாறுகிறது என்று அந்த முறையை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. நார்வேயில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் தலைமுறை ஆலோசகர்கள் பயிற்றுவித்த இரண்டாம் தலைமுறையிடம் தரம் கொஞ்சம் இறங்கியது. கவனித்துக்கொண்டே இருந்ததால் மூன்றாம் தலைமுறையில் மீண்டும் ஏறியது. கவனிக்காமல் விட்டிருந்தால் இறங்கியதே தெரிந்திருக்காது.

நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். குடும்பங்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனில் ஒலிப்பதிவு செய்தால் போதும். முழுதும் கேட்க வேண்டியதில்லை, நடுவிலிருந்து பதினைந்து நிமிடம். நான் மூன்றே விஷயம் பார்ப்பேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் யார் குரல் அதிகம்? வழிநடத்துநர் குரல் பாதிக்கு மேல் போனால் கோளாறு. எத்தனை பேர் பேசிக் கேட்டதோடு நிற்காமல் நடித்துப் பார்த்தார்கள், செய்து பார்த்தார்கள்? போன வாரம் வீட்டில் செய்து பார்க்கச் சொன்னதை இந்த வாரம் விசாரித்தார்களா, அப்படி விசாரித்தபோது "செய்யல" என்றவருக்குத் திட்டு விழுந்ததா, "எது தடுத்துச்சு?" என்ற கேள்வி வந்ததா? கடைசி ஒன்றில்தான் ஆளின் தரம் பளிச்சென்று தெரியும்.

கையேட்டை வரிக்கு வரி ஒப்பிக்கிறாரா என்று பார்ப்பது வேறு வேலை, அதுவும் வேண்டியதுதான். ஒரு பயிற்சியை விட்டுவிட்டுத் தன் கதையைச் சொல்கிறவரை நிறுத்த வேண்டும். ஆனால் ஒன்றும் விடாமல் எல்லாப் பயிற்சியையும் முடித்து, யாரையும் தொடாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். மேற்பார்வைக்கு வருபவர்கள் பொதுவாகக் கையேட்டுப் பட்டியலில் டிக் போட்டுவிட்டுத் திருப்தியாகப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆள் கிடைத்துவிட்டால் எல்லாம் நடக்கும் என்றும் இல்லை. அயோவாவின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் மதுவைத் தொடுவதைத் தள்ளிப்போட்ட அதே 'ஸ்ட்ரெந்தனிங் ஃபேமிலீஸ்', பின்னால் ஸ்வீடனிலும் போலந்திலும் வேல்ஸிலும் சோதித்தபோது பலன் காட்டவில்லை. ஊர் வேறு, குடிக்கிற பழக்கம் வேறு, அங்கே ஏற்கெனவே கிடைக்கிற உதவிகள் வேறு. மோசமான ஆளை வைத்தால் நல்ல திட்டமும் கெடும். நல்ல ஆளை வைத்தாலும் ஊருக்கு ஒட்டாத திட்டத்தைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அதனால்தான் முதல் வருடம் இரண்டு குழுக்களோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

ஆளை எடுக்கும்போது நேர்காணல் வைக்காதீர்கள், நேர்காணலில் நன்றாகப் பேசுகிறவர்கள்தான் தேறுவார்கள். நண்பரிடம் வேறு மாதிரி செய்யச் சொன்னேன். வந்த பதினோரு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, நானே ஒரு கோபக்கார அப்பாவாக நடித்தேன். "போன வாங்கி வச்சா சாப்பிட மாட்டேங்குறான், குடுத்தா படிக்க மாட்டேங்குறான், நீங்களே சொல்லுங்க என்ன பண்ண?" என்று ஒரே வசனம். எட்டுப் பேர் உடனே வழி சொன்னார்கள், இரண்டு பேர் போனின் தீமைகளைச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும், ரேஷன் கடையில் தற்காலிகமாக எடை போடும் வேலையில் இருந்தவர், "வாங்கி வச்சப்ப அவன் என்ன சொன்னான்ண்ணே?" என்று கேட்டார். அவரையும், வழி சொன்னாலும் இரண்டாவது தடவை திருத்திச் சொன்னதும் பிடித்துக்கொண்ட இருவரையும் எடுத்தோம். மூவரில் ஒருவர் கபடிக்காரத் தம்பி.

இரண்டாவது வாரம் முடிந்ததும் அந்த ரேஷன் கடைப் பெண்ணோடு உட்கார்ந்து அவருடைய பதிவைப் போட்டுக் கேட்டோம். நான்கு நிமிடம் ஓடியிருக்கும், கையை நீட்டி போனை நிறுத்தினார். "என்ன சார் இது, நானா இவ்ளோ பேசிருக்கேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி போடுங்க, மொதல்ல இருந்து" என்றார்.